பள்ளிப் பேருந்தின் கண்கள்

திங்கட்கிழமை காலை ஏழு மணி. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்தைச் சேர்ந்த மானாம்பதியில், பிள்ளைகள் புத்தகப் பையும் சாப்பாட்டுக் கூடையுமாகப் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேருந்து வரவில்லை. நிறுத்தியிருந்த இடத்தில் ஓட்டுநர் சாவியைத் திருப்பினால் 'கிளிக்' என்ற ஓசை மட்டும் கேட்கிறது, எஞ்சின் சுழலவில்லை. வெள்ளிக்கிழமை மாலை வரை நன்றாக ஓடிய வண்டி அது. இடையில் நடந்த மாறுதல் ஒன்றுதான்: வண்டியில் புதிதாகக் காமிராக்கள் பொருத்தப்பட்டன.

பிள்ளைகளைக் காக்க வந்த காமிரா, வண்டியையே நிறுத்திவிடுமா? நிறுத்திவிடக் கூடும். ஆனால் குற்றம் காமிராவினுடையதன்று. அதற்கு மின்சாரம் எடுத்த முறையினுடையது. காமிராவை எங்கே வைப்பது என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். அதற்கு எங்கிருந்து, எந்த நேரத்தில், எந்தக் கம்பி வழியாக மின்சாரம் போகிறது என்று யோசிப்பவர்கள் குறைவு. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

காமிரா எதற்கு?

2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னையில் இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், பள்ளி வளாகத்துக்குள்ளேயே, தான் வந்து இறங்கிய வேனில் அடிபட்டு இறந்தான். தமிழகத்தையே உலுக்கிய நிகழ்ச்சி அது. பள்ளி வாகனங்களுக்கென 2012-இல் இயற்றப்பட்ட சிறப்பு விதிகளைத் தமிழக அரசு அதே 2022-இல் திருத்தியது. வண்டியின் முன்னும் பின்னும் காமிராவும், பின்னால் இருப்பதை உணர்ந்து எச்சரிக்கும் கருவியும் கட்டாயம் ஆயின. அமெரிக்காவில் இதற்கான சட்டம் 2008-இல் வந்தது. அங்கே புதிய கார்கள் எல்லாவற்றிலும் பின்காமிரா இருக்க வேண்டும் என்ற விதி 2018 மே மாதம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

ஓட்டுநருக்குக் கண்ணும் கண்ணாடியும் இருக்கும்போது காமிரா எதற்கு? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருக்கையில் அமர்ந்த ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். பின்புறக் கண்ணாடியின் கீழ் விளிம்பு ஒன்றரை மீட்டர் உயரம். இரண்டுக்கும் இடையே 8 மீட்டர் தொலைவு. பார்வைக்கோடு இந்த 8 மீட்டரில் 0.7 மீட்டர்தான் தாழ்கிறது. அப்படியே நீட்டினால், ஒரு மீட்டர் உயரமுள்ள குழந்தையின் தலைமட்டத்துக்கு அது இறங்க இன்னும் 5.7 மீட்டர் போக வேண்டும். அதாவது வண்டிக்குப் பின்னால் ஐந்தரை மீட்டர் வரை குழந்தை எங்கே நின்றாலும் ஓட்டுநருக்குத் தெரியாது. பக்கக் கண்ணாடிகள் வண்டியின் இரு ஓரங்களைக் காட்டும். நேர் பின்புறத்தைக் காட்டமாட்டா. அந்தக் குருட்டு இடத்தைப் பார்ப்பதற்கே பின்காமிரா.

ரிவர்ஸ் கியர் விழுந்ததும் பின்விளக்கு எரியுமல்லவா? அந்த விளக்குக்குப் போகும் வயரிலிருந்து ஓர் இழையை ஓட்டுநரின் எதிரே உள்ள சிறு திரைக்குக் கொண்டு வருகிறார்கள். கியர் விழுந்ததும் திரை தானே பின்காமிராவின் படத்துக்கு மாறிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியில் போல இப்படத்தில் இடவலம் மாறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தவறான பக்கம் திருப்பிவிடுவார்.

கூடவே வைக்கும் உணர்கருவி, வௌவாலைப் போல வேலை செய்கிறது. நம் காதுக்கு எட்டும் ஒலி விநாடிக்கு 20,000 அதிர்வுகளோடு முடிந்துவிடுகிறது. இக்கருவியோ ஏறத்தாழ 40,000 அதிர்வுள்ள ஒலியைச் சிறு சிறு துடிப்புகளாக அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கிறது. இரண்டு மீட்டர் தொலைவில் ஒரு பொருள் இருந்தால், ஒலி போய்த் திரும்ப ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆகும். அந்த நேரத்தை அளந்து தொலைவைக் கணக்கிட்டுப் 'பீப், பீப்' என்று எச்சரிக்கிறது.

வண்டியில் மின்சாரம்

வண்டியின் மின்சாரத்துக்கு ஊற்று இரண்டு. எஞ்சின் ஓடும்போது அதனோடு சுழலும் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தருகிறது. எஞ்சின் நின்றால் பேட்டரிதான் எல்லாம். பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே 1859-இல் அமைத்த ஈய-அமில மின்கலத்தின் வழிவந்ததே இன்றும் நம் பேருந்துகளில் இருக்கிறது. ஓர் அறைக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட்; ஆறு அறைகள் சேர்ந்தால் 12.6 வோல்ட். கார்களில் இத்தகைய பேட்டரி ஒன்று. பெரிய பேருந்துகளில் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகிறார்கள்.

இனித் தேவையைப் பார்ப்போம். உள்ளும் புறமுமாக நான்கு காமிராக்கள், ஒன்றுக்கு 3 வாட் வீதம் 12 வாட். படத்தைப் பதிவு செய்யும் பெட்டிக்கு 12 வாட். திரைக்கு 6 வாட். மொத்தம் 30 வாட். பேருந்தின் முன்விளக்கு ஒன்றுக்கே ஏறக்குறைய 70 வாட் தேவை. ஆகவே, வண்டி ஓடும்போது இந்த 30 வாட் ஒரு பொருட்டே அன்று.

வண்டி நின்ற பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. 30 வாட்டை 24 வோல்ட்டால் வகுத்தால் 1.25 ஆம்பியர். வெள்ளி மாலை ஐந்து மணி முதல் திங்கள் காலை ஏழு மணி வரை 62 மணி நேரம். பெருக்கினால் 77.5 ஆம்பியர்-மணி. பேட்டரியின் கொள்ளளவு 120 ஆம்பியர்-மணி என்றால், மிச்சம் இருப்பது மூன்றில் ஒரு பங்கு. பேட்டரி சில ஆண்டு பழையதாக இருந்தால் அதுவும் இராது. டீசல் எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே மூச்சில் பல நூறு ஆம்பியர் கேட்கும். சோர்ந்த பேட்டரியால் அதைக் கொடுக்க இயலாது. 'கிளிக்' என்ற ஓசையின் பொருள் இதுவே.

அதோடு போவதில்லை. மின்சாரம் வெளியேறும்போது பேட்டரித் தகடுகளின் மேல் ஈய சல்பேட்டு படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும். நாள்கணக்கில் விட்டுவிட்டால் இறுகிப் படிகமாகி, அந்த அளவுக்குத் தகடு பயனற்றுப் போகிறது. இரண்டு மூன்று முறை இப்படி நேர்ந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்ததென்றே கொள்ளலாம்.

சாவி அறிந்த வயர்

இதற்குப் பரிகாரம் எளிது. பதிவுப் பெட்டிக்குப் பொதுவாக மூன்று வயர்கள் இருக்கும். ஒன்று பேட்டரியின் நேர்முனைக்கு, ஒன்று எதிர்முனைக்கு, மூன்றாவது, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இடத்துக்கு. சாவி திரும்பியிருக்கிறதா இல்லையா என்பதைப் பெட்டிக்குச் சொல்வது இந்த மூன்றாவது வயரே. சாவியை எடுத்ததும், குறித்த சில நிமிடங்கள் பதிவு செய்து, கோப்பை ஒழுங்காக மூடி, பெட்டி தானே உறங்கப் போகும். அவசரத்தில் முதல் வயரையும் மூன்றாவது வயரையும் முறுக்கி ஒன்றாகப் பேட்டரியில் இணைத்துவிட்டால், பெட்டிக்கு உறக்கமே இல்லை. திங்கட்கிழமை வண்டிக்கு விழிப்பு இல்லை.

நிறுத்திய வண்டியையும் காமிரா காவல் காக்க வேண்டுமானால், மின்னழுத்தம் தாழ்ந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி வேண்டும். ஓய்விலிருக்கும் 24 வோல்ட் பேட்டரியில் 25.2 வோல்ட் இருந்தால் நிறைவு, 24.4 இருந்தால் ஏறத்தாழப் பாதி. அந்தப் பாதியை ஒட்டியே துண்டிக்கும்படி வைத்தால், எஞ்சினைக் கிளப்ப மின்சாரம் மிஞ்சும்.

கோடை விடுமுறையை மறக்கக் கூடாது. உறங்கும் பெட்டிகூடச் சிறிது மின்சாரம் குடிக்கும். 20 மில்லி ஆம்பியர் என்றாலும் 30 நாளில் 14 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். வெயிலில் பேட்டரி தானாக இழப்பது வேறு. விடுமுறையில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைப்பதே நல்லது. ஆனால் எஞ்சின் ஓடும்போது ஒருபோதும் கழற்றக் கூடாது. ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் ஒரு கணம் நூறு வோல்ட்டையும் தாண்டிப் பாய்ந்து, இணைத்த கருவிகளைப் பொசுக்கிவிடக்கூடும்.

ஒற்றைப் பேட்டரியில் கை வைக்காதீர்

காமிராக்கள் பல 12 வோல்ட்டில் இயங்குபவை. பேருந்திலோ 24 வோல்ட். 'இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் 12 வோல்ட் கிடைத்துவிடுமே' என்று சிலர் குறுக்கு வழி காண்கிறார்கள். இது பெருந்தவறு. இரண்டு மாடுகள் பூட்டிய வண்டியில் ஒரு மாட்டின் முதுகில் மட்டும் மூட்டை ஏற்றுவது போன்றது. அந்த ஒரு பேட்டரி எப்போதும் குறைந்தே இருக்கும். ஆல்டர்னேட்டரோ இரண்டுக்கும் ஒரே மின்னோட்டத்தைத்தான் செலுத்துகிறது. குறைந்தது நிறைவதற்குள், நிறைந்திருந்த மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகி, அதிலுள்ள நீர் வாயுவாகப் பிரிந்து போகும். முடிவில் இரண்டும் கெடும். 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி வைப்பதே முறை.

பியூஸ் எதைக் காக்கிறது?

பியூஸ் காமிராவைக் காப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது காப்பது வயரை. வயர் வழியாக வண்டியை. மெல்லிய வயர் எங்காவது தகரத்தில் உராய்ந்து, மேலுறை தேய்ந்து, வண்டியின் உடலைத் தொட்டால் பேட்டரி பல நூறு ஆம்பியரை அதனுள் தள்ளும். வயர் செக்கச் சிவந்து எரியும். அருகிலேயே இருக்கைப் பஞ்சும் ரெக்சினும்! ஆகவே பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தொலைவுக்குள் இருக்க வேண்டும். பியூசுக்கும் பேட்டரிக்கும் இடையே உள்ள வயருக்குக் காவல் கிடையாது. நம் 1.25 ஆம்பியர் தேவைக்கு 3 ஆம்பியர் பியூஸ் போதும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று 20 ஆம்பியர் பியூசையோ வெறும் கம்பியையோ போடுவது, குரைக்கும் நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடனை வரவேற்பதாகும். வயர் தகரத்தைத் துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் போடுவதும் அவசியம்.

வயரின் பருமனையும் கவனிக்க வேண்டும். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில், போகவும் வரவும் 24 மீட்டருக்கு 0.8 ஓமுக்குச் சற்று மேல் மின்தடை உண்டு. ஒரு காமிராவின் கால் ஆம்பியருக்கு இதனால் குறைவது 0.2 வோல்ட்தான். நான்கு காமிராக்களையும் அதே வயரின் கோடியில் இணைத்தால் 0.8 வோல்ட் குறையும். இணைப்பும் தளர்வாக இருந்தால், வண்டி குலுங்கும்போதெல்லாம் படம் அறுபடும்.

பதிவும் பராமரிப்பும்

ஒரு காமிராவின் படம் விநாடிக்கு பத்து லட்சம் பிட் அளவில் பதிவானால், மணிக்கு ஏறத்தாழ 0.45 ஜிகாபைட். நான்கு காமிராக்கள் நாளுக்கு நான்கு மணி நேரம் இயங்கினால் 7.2 ஜிகாபைட். 128 ஜிகாபைட் அட்டை 17 நாளில் நிறைந்து, பழையதன்மேல் புதியது எழுதத் தொடங்கும். ஆகவே ஏதேனும் நடந்தால் இரண்டு வாரத்துக்குள் அந்தப் பதிவை எடுத்து வைத்துவிட வேண்டும்.

வெயிலில் மூடி நிறுத்திய வண்டியில், ஓட்டுநருக்கு முன்னுள்ள பலகையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டுவது அரிதன்று. பதிவுப் பெட்டியை அங்கே வைக்காமல், காற்றோட்டமும் நிழலும் உள்ள இடத்தில் வைப்பது நலம். கிராமத்துச் சாலையின் புழுதி ஒரே நாளில் பின்காமிராவை மூடிவிடும். காலையில் டயரைத் தட்டிப் பார்க்கும்போதே ஈரத்துணியால் அதையும் துடைத்து, ரிவர்ஸ் கியர் போட்டுத் திரையைப் பார்த்துவிட வேண்டும். செத்த காமிரா, இல்லாத காமிராவைவிட ஆபத்தானது; ஏனெனில் அது பார்த்துக்கொண்டிருப்பதாக எல்லோரும் நம்புகிறார்கள்.

காமிராவால் ஆகாதது

மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி வரும் பேருந்து விநாடிக்கு 1.4 மீட்டர் நகர்கிறது. திரையில் குழந்தையைக் கண்டு ஓட்டுநரின் கால் பிரேக்கை அழுத்துவதற்குள் ஒன்றரை விநாடி ஆனால், வண்டி இரண்டு மீட்டர் வந்திருக்கும். காமிரா காட்டும், நிறுத்தாது. பள்ளிப் பேருந்தில் உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி சொல்வது இதனால்தான். அவர் இறங்கிப் பின்னால் சென்று, பிள்ளைகள் விலகிவிட்டார்களா என்று பார்த்து, விசில் கொடுத்த பிறகே வண்டி நகர வேண்டும்.

மூன்றாவது வயர் சாவியோடு இணைந்திருந்தால், மானாம்பதியில் திங்கட்கிழமையும் பேருந்து உரிய நேரத்துக்கு வந்து சேரும். உதவியாளர் இறங்கிப் பார்த்தால், பிள்ளைகளும் பத்திரமாக வீடு திரும்புவார்கள்.