வெனிலாவைக் காட்டிக்கொடுத்த கணக்கு

1940 ஏப்ரல் 18. நியூயார்க் மாநிலம் ஆஸ்விகோ கவுண்டியில் லைகமிங் என்ற சிற்றூர். அங்கிருந்த தேவாலயத்தின் அடித்தளத்தில் மாலையில் விருந்து நடந்தது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. விசாரிக்கப்பட்ட 75 பேரில் 46 பேர் படுத்துவிட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை, ஒன்றரை நாளுக்குள் எல்லோரும் தேறிவிட்டார்கள். விசாரணைக்குப் போன மருத்துவரே அப்போது பயிற்சியில் இருந்தவர்தான்.

மறந்துபோயிருக்க வேண்டிய இந்தச் சம்பவத்தை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வகுப்பறைப் பயிற்சியாக்கியது. தொற்றுநோயியல் படிப்பவர்கள் இன்றும் இதில்தான் கைப்பழக்கம் பெறுகிறார்கள்.

ஆசிரியர் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லிவிடுவதில்லை. தகவல் பகுதி பகுதியாகத்தான் வரும். முதலில், ஊரில் பலருக்கு உடம்பு சரியில்லை என்ற சேதி மட்டும். யாரை நோயாளி என்று கணக்கில் சேர்ப்பது? வகுப்பின் முதல் சண்டை இங்கேதான். அடுத்து வருவது 75 பேரின் பட்டியல்: வயது, சாப்பிட்ட நேரம், நோய் கண்ட நேரம், தின்ற பண்டங்கள்.

பலருடைய சந்தேகமும் முதலில் இறைச்சி மேல்தான் போகும். கணக்குப் போட்டால் பன்றி இறைச்சி தின்றவர்களில் 63 சதவீதம் பேருக்கும், தொடாதவர்களில் 59 சதவீதம் பேருக்கும் நோய். பெரிய வித்தியாசமில்லை. வெனிலா ஐஸ்கிரீமுக்கு வந்தால் கதையே வேறு. தின்ற 54 பேரில் 43 பேருக்கு நோய். தின்னாத 21 பேரில் மூவருக்குத்தான்.

சாக்லேட் ஐஸ்கிரீம் இன்னும் சுவாரசியம். அதைத் தின்னாதவர்களுக்குத்தான் நோய் அதிகம்! அப்படியென்றால் சாக்லேட் மருந்தா? சாக்லேட்டை எடுத்தவர்களில் பலர் வெனிலா பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் புரியவைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

பட்டியலில் ஒரு சிறுவனுக்கு மட்டும் பிற்பகல் 3 மணிக்கே நோய் கண்டிருக்கிறது. விருந்தே தொடங்காத நேரம்! பதிவுப் பிழை என்று அடித்துவிடத் தோன்றும். ஆனால் ஐஸ்கிரீம் செய்த இடத்தில் இருந்த அவன் காலை 11 மணிக்கே ஒரு கிண்ணம் வாங்கித் தின்றிருந்தான். ஒட்டாமல் நின்ற அந்த ஒரு வரி, ஐஸ்கிரீம் விருந்துக்கு முன்பே கெட்டிருந்தது என்பதற்கும், தின்ற நாலு மணி நேரத்தில் நோய் வரும் என்பதற்கும் சாட்சியாகிவிட்டது.

ஐஸ்கிரீம் கலவை முந்தின இரவு முழுவதும் தேவாலய அடித்தளத்தில் கிடந்தது. அதில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி இருந்ததை ஆய்வகமும் உறுதிசெய்தது. வெனிலா தின்னாத மூவருக்கு எப்படி வந்தது? கரண்டி மாறியதா, தின்றதை மறந்தார்களா என்று வகுப்பு வாதாடலாம், தீர்ப்பு கிடையாது.

இந்தப் பயிற்சியில் ஒரு குறையும் உண்டு. பட்டியல் சுத்தமாகத் தயாராகக் கையில் வருகிறது. களத்தில் அப்படி வராது. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பாதிப்பேர் யோசிப்பார்கள், சிலர் விரட்டுவார்கள். ஆகவே மாணவர்களில் பாதிப்பேரை ஊர்க்காரர்களாக நடிக்கவிட்டு, மீதிப்பேரையே கேட்டு எழுதவைப்பது நல்லது.

சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் களப் பயிற்சியுடன் கூடிய படிப்பையே நடத்துகிறது. மற்றக் கல்லூரிகளுக்கு ஆஸ்விகோ பயிற்சி போதும். தாளும் பென்சிலும் தவிரச் செலவில்லை. ஆசிரியர்களுக்கு ஒரே வேண்டுகோள்: கடைசித் தாளை முதலிலேயே கொடுத்துவிடாதீர்கள்.