நன்மையை எண்ணலும் நன்மை செய்தலும்

உளநூலார் நெடுங்காலம் உள்ளத்தின் நோயையே பெரிதும் ஆராய்ந்தனர். அதன் நலத்தையும் ஆராய்தல் வேண்டும் என்று 1998ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராயிருந்த மார்ட்டின் செலிக்மன் வற்புறுத்தினார். அவ்வாறு வளர்ந்த துறையே நேர்மறை உளவியல். உதவியவர்க்கு நன்றி மடல் எழுதுதல், பிறர்க்கு உதவுதல் ஆகியன அது கூறும் எளிய பயிற்சிகள்.

இவை எந்நாட்டார்க்கும் ஒரே பயன் தருமா? அமெரிக்க மாணவரையும் தென்கொரிய மாணவரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. நன்றி மடலால் கொரியர் பெற்ற பயன் அமெரிக்கர் பெற்றதினும் குறைவு. உதவி செய்தலோ இரு சாரார்க்கும் ஏறத்தாழ ஒத்த பயன் தந்தது. நன்றியோடு, கைம்மாறு செய்திலமே என்னும் கடனுணர்வும் கலந்தெழுவது இதற்குக் காரணமாகலாம்.

இவ்வுணர்வு நமக்கும் புதிதன்று. ஊரிலுள்ள பெற்றோரை நினைக்குந்தோறும் நன்றியோடு, அருகிருந்து பேணவில்லையே என்ற வருத்தமும் எழுகிறதன்றோ? ஆகவே ஒரு பயிற்சி பலிக்கவில்லையெனில் அது நம் குறையன்று, மற்றொன்றை நாடலாம். அண்டை வீட்டு முதியவர்க்கு மருந்து வாங்கித் தரலாம். மொழியறியாது புதிதாய் வந்தவர்க்கு வழிகாட்டலாம். துயரம் நாட்கணக்கில் தீராதிருப்பின், மருத்துவரை நாடத் தயங்கலாகாது.