சுமத்ராவைத் தொட்ட ஆனைமங்கலம்



நாகப்பட்டினம் மாவட்டத்தில், கீழ்வேளூர்ப் பக்கம் உள்ள சிற்றூர் ஆனைமங்கலம். நெல் விளையும் கடைமடைக் கிராமம். இந்த ஊரின் பெயர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செப்பேட்டில் ஏறிவிட்டது.

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவைத் தலைமையிடமாகக் கொண்டது ஸ்ரீவிஜயப் பேரரசு. அதன் மன்னர் மாறவிஜயோத்துங்கவர்மன், நாகப்பட்டினத்தில் தம் தந்தையின் பெயரால் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினார். சிவபக்தரான முதலாம் ராஜராஜ சோழன், அந்தப் பள்ளியின் செலவுக்காக ஆனைமங்கலத்தின் வருவாயைக் கொடையாக வழங்கினார். ஆண்டு 1006.

நிலம் சுமார் 97 வேலி. ஆண்டுக்குச் சேர வேண்டிய நெல் 8,900 கலத்துக்கும் மேல். பெண் யானையை நடத்திச் சென்று ஊரின் நான்கு எல்லைகளையும் வகுத்தார்கள். ராஜராஜனுக்குப் பின் அவர் மகன் ராஜேந்திரன் இந்தக் கொடையைச் செப்பேட்டில் பொறித்து நிலைபெறச் செய்தார். மொத்தம் 21 ஏடுகள். வடமொழியில் 5, தமிழில் 16. எல்லாவற்றையும் கோத்த வளையத்தில் சோழ முத்திரை.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால், இவற்றை லைடன் செப்பேடுகள் என்றும் அழைக்கிறோம்.

கடல் கடந்து வந்த வேற்றுச் சமயத்தாரின் பள்ளிக்குச் சோறிட்டது நம் டெல்டா உழவர்களின் உழைப்பு. நாகை மண்ணுக்கு இதைவிடப் பெரிய பெருமை வேண்டுமா? இந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.