ஜெல் பூச்சு மெருகேற்றல்

ஜெல் பூச்சு என்பது கண்ணாடி இழைப் படகுகளின் வெளிப்புறத்தில் அமைந்துள்ள, நிறமி கலந்த பிசின் படலம் ஆகும். வெயிலிலும் உப்புக்காற்றிலும் பல ஆண்டுகள் இருக்கும்போது இப்படலம் ஆக்சிசனேற்றம் (இலங்கை வழக்கில் ஒட்சியேற்றம்) அடைந்து மங்குகிறது. மங்கிய மேற்பரப்பைத் தேய்த்து மீண்டும் பளபளப்பாக்குவது ஜெல் பூச்சு மெருகேற்றல் எனப்படும். தமிழகக் கடற்கரையில் இவ்வகைப் படகுகள் ஃபைபர் படகு என்றே அழைக்கப்படுகின்றன.

அமைப்பு

மகிழுந்துக்கு வண்ணம் இறுதியில் பூசப்படுகிறது. ஃபைபர் படகுக்கோ முதலில் பூசப்படுகிறது. அச்சின் உட்புறத்தில் மெழுகு தடவி, அதன்மேல் ஜெல் பூச்சு இடப்படும். அது ஓரளவு இறுகியபின் கண்ணாடி இழை விரிப்புகள் பாலியெசுட்டர் பிசினில் தோய்த்து அடுக்கப்படும். அச்சிலிருந்து பிரித்தெடுக்கும்போது அச்சின் வழவழப்பே படகின் பளபளப்பாக அமைகிறது. பூச்சின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் மட்டுமே. தடிமன் மிகுந்தால் பூச்சு வெடிக்கும்.

விழுப்புரம் கடற்கரையில்

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரை, திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணம் பகுதியிலிருந்து தெற்கே புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பம் வரை நீள்கிறது. இங்குள்ள குப்பங்களில் கட்டுமரங்களே நெடுங்காலம் முதன்மையாக இருந்தன. 26 திசம்பர் 2004 அன்று நிகழ்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், அரசும் தொண்டு நிறுவனங்களும் வழங்கிய ஃபைபர் படகுகள் தமிழகக் கரையெங்கும் பெருகின. அவசரத்தில் கட்டப்பட்ட படகுகளின் தரம் குறித்து அப்போதே கேள்விகள் எழுந்தன.

இப்படகுகள் கடலுக்குச் செல்லாத நேரங்களில் மணலில் ஏற்றப்பட்டு, பெரும்பாலும் கூரையின்றி வெயிலிலேயே நிற்கின்றன. இதனால் மேல்விளிம்பும் பக்கங்களும் வெயிலால் மங்குகின்றன. அடிப்பகுதியோ மணலில் இழுபட்டுத் தேய்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதக்கூடாது. அடிப்பகுதித் தேய்மானத்திற்கு மெருகேற்றல் தீர்வாகாது.

பளபளப்பு என்பது உல்லாசப் படகு வைத்திருப்போரின் கவலை என்று தோன்றலாம். ஆனால் பூச்சு தேய்ந்து இழை வெளித்தெரிந்தால் நீர் உள்ளே ஊறும். அடுக்குகள் பிரிந்து படகு வலுவிழக்கும். எடை கூடுவதால் எரிபொருள் செலவும் ஏறும். மீனவருக்குப் படகே முதலீடு என்பதால் இது பிழைப்பு சார்ந்தது.

மங்குவதன் காரணம்

புற ஊதாக் கதிர்களும் காற்றிலுள்ள ஆக்சிசனும் பிசினின் நீண்ட மூலக்கூற்றுத் தொடர்களை மேற்பரப்பில் துண்டிக்கின்றன. பிணைப்பை இழந்த நிறமி பொடியாக வெளிப்படுகிறது. விரலால் தடவினால் சுண்ணாம்புபோல் ஒட்டும். நுண்ணிய குழிகள் தோன்றுவதால் ஒளி சீராக எதிரொளிக்காமல் சிதறுகிறது. மங்கிய இடத்தில் நீர் தெளித்தால் சிறிது நேரம் பழைய நிறம் தெரிவதற்குக் காரணம், நீர் அக்குழிகளை நிரப்புவதே. எளிய சோதனையாகவும் இது பயன்படும்: நனைந்தபோது நிறம் மீண்டால் பெரும்பாலும் மெருகேற்ற முடியும்.

செய்முறை

முதலில் உப்பும் மணலும் நீங்க நன்னீரால் கழுவ வேண்டும். ஒரு மணல்துகள் எஞ்சினாலும் தேய்க்கும்போது ஆழமான கீறல் விழும். பழைய மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றைக் கரைப்பானால் துடைத்தெடுக்கலாம்.

லேசான மங்கலுக்கு, மகிழுந்துப் பட்டறைகளில் பயன்படும் ரப்பிங் காம்பவுண்டு போதுமானது. மங்கல் ஆழமாயின் வாட்டர் பேப்பர் எனப்படும் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். 800 எண்ணில் தொடங்கி 1000, 1500, 2000 எனப் படிப்படியாகச் செல்வது வழக்கம். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறல்களை அகற்றுவதால் இடையில் ஓர் எண்ணைத் தாண்டினால் முந்தைய கீறல் இறுதிவரை தெரியும். அதன்பின் காம்பவுண்டு, மெருகுப்பசை, இறுதியாக மெழுகு. சுழல் இயந்திரத்தை ஒரே இடத்தில் நிறுத்தினால் வெப்பத்தால் பூச்சு கருகும். நிழலிலோ காலையிலோ செய்வது நல்லது. பதிவு எண் எழுதிய பகுதியைத் தவிர்க்க வேண்டும்.

மெழுகு பளபளப்பைத் தருவதில்லை. கிடைத்த பளபளப்பைக் காக்கிறது. திறந்த வெயிலில் நிற்கும் படகில் அது சில மாதங்களே நீடிக்கும். தென்னங்கீற்றுக் கொட்டகையோ தார்ப்பாயோ மெழுகைவிட மிகுதியாகப் பயன்தரும் என்பது மறுக்க முடியாதது.

எல்லைகள்

ஒவ்வொரு முறையும் பூச்சில் ஒரு பகுதி குறைகிறது. அடியிலுள்ள இழையின் வடிவம் நிழலாகத் தெரியத் தொடங்கினால் உடனே நிறுத்தி, புதிய ஜெல் பூச்சோ இரு கூறு பாலியூரித்தேன் வண்ணமோ பூச வேண்டும். சாதாரண ஜெல் பூச்சு காற்றுப்பட்டால் மேற்பரப்பில் பிசுபிசுப்பாகவே நிற்கும். எனவே மெழுகுக் கரைசல் கலந்தோ, மேலே பாலித்தீன் தாளால் மூடியோ இறுகவிடுவர்.

இறுக்கியாகச் சேர்க்கப்படும் மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு கண்பார்வையைப் பறிக்கக்கூடியது. கோபால்ட்டு முடுக்கியுடன் இதை நேரடியாகக் கலந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். முடுக்கியை முதலில் பிசினில் முழுமையாகக் கலந்த பின்னரே இறுக்கியைச் சேர்க்க வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.