ஈரல் அனுப்பும் ஓலை

பரிசோதனைக் கூடத்திலிருந்து ரத்தப் பரிசோதனைத் தாள் வருகிறது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நடுவில் மட்டும் 'எஸ்.ஜி.பி.டி. 92' என்று ஓர் எண். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அவ்வளவுதான்! அன்றைய காப்பி கசந்து போகிறது. "ஈரல் போய்விட்டதாமே!" என்று அடுத்த வீடு வரையில் சேதி பரவுகிறது. வேறு சிலரோ, "வலி ஒன்றும் இல்லையே!" என்று தாளை மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே சரியல்ல.

ஈரலின் உயிரணுக்களுக்குள் ரசாயன வேலைகளை நடத்திவைப்பவை என்சைம்கள். எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் அந்த இனம். (ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்று எழுதியிருந்தாலும் இவைதாம்.) உயிரணு அடிபட்டால் இவை ரத்தத்தில் கசிகின்றன. நெல் கிடங்கில் சாக்கு கிழிந்தால் தரையில் நெல் சிந்திக் கிடக்குமல்லவா, அதைப் போல! சிந்திய நெல்லைப் பார்த்து, எலி வந்திருக்கிறது என்று சொல்லலாம். கிடங்கில் எத்தனை மூட்டை மிச்சம் என்று சொல்ல முடியுமா?

1954-இல் நியூயார்க்கில் லாடூ, ராப்ளெவ்ஸ்கி, கார்மென் என்ற மூவர் ஒரு விந்தையை வெளியிட்டார்கள். மாரடைப்பு கண்டவர்களின் ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. ஏறுகிறது என்பதே அது. ஆம், இந்த என்சைம் இருதயத்திலும் தசைகளிலும்கூட உண்டு. கடுமையான தேகப் பயிற்சி செய்தாலும் ஏறும். எஸ்.ஜி.பி.டி.யோ பெரும்பாலும் ஈரலுக்கே சொந்தம்.

எவ்வளவு ஏறினால் என்ன பொருள்? பல பரிசோதனைக் கூடங்களில் மேல் வரம்பு சுமார் 40 யூனிட். ஆயிரக் கணக்கில் ஏறினால், வைரஸ் காமாலை, அளவு மீறி விழுங்கிய பாரசிட்டமால், ஈரலுக்கு ரத்த ஓட்டம் திடீரென்று குறைதல் போன்ற காரணங்களை டாக்டர் உடனே தேடுவார். இரண்டு மூன்று மடங்கு என்றால், ஈரலில் சேர்ந்த கொழுப்பு, மது, மருந்துகள், ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் ஆகியவற்றின் மேல் சந்தேகம் போகும். எஸ்.ஜி.ஓ.டி. மற்றதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால், "குடிப்பதுண்டா?" என்று கேட்பார். கோபித்துக்கொள்ளாமல் உண்மையைச் சொல்லுங்கள். சாப்பிட்ட பச்சிலை, லேகியம், சூரணம் எதையும் மறைக்காதீர்கள்.

இன்னொரு சங்கதி, இதுதான் முக்கியம். எண் சாதாரணமாக இருப்பதாலேயே ஈரல் சௌக்கியம் என்று ஆகிவிடாது. பல வருஷங்களாகத் தழும்பேறிச் சுருங்கிய ஈரலில் சிந்துவதற்கு நெல்லே அதிகம் மிச்சமிருக்காது! ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அறிய ஆல்புமின், பிலிருபின், ரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஆகவே, எண் ஏறியிருந்தால் எலியைத் தேட வேண்டும். தரையைப் பெருக்கினால் போதாது. டாக்டர் சொல்லும் காலத்தில் மறுபடி ரத்தம் கொடுங்கள். பி, சி வைரஸ் சோதனைகளும் வயிற்று ஸ்கேனும் காரணத்தைக் காட்டக்கூடும். கொழுப்புதான் காரணம் என்றால், தேக எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைத்தாலே ஈரல் தேறத் தொடங்கும். காசநோய் மருந்து சாப்பிடுகிறவர்கள் தாங்களாக அதை நிறுத்தக் கூடாது. குமட்டலோ மஞ்சள் நிறமோ கண்டால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். கண் மஞ்சளித்தாலும், வயிறு வீங்கினாலும், ரத்த வாந்தி எடுத்தாலும், புத்தி தடுமாறினாலும் யாருமே தாமதிக்கலாகாது.

ஈரல் பொறுமைசாலி, பெரும்பாலும் வலி காட்டாது. காரணம் நீங்கினால், ஓரளவு பழுதையும் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் அதன் பொறுமைக்கும் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு முன்னால் அது அனுப்பும் ஓலைதான் நட்சத்திரக் குறி போட்ட அந்த எண். பீரோவில் வைத்த தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் புறப்படுங்கள்!