பழைய எண்ணெய் வயற் படங்கள்

காணிப் படம் ஒன்றைக் கையில் எடுப்பவர் முதலில் தேடுவது எல்லைக் கோட்டையே. ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பெற்றோலியம் எடுக்கத் தொடங்கிய காலத்துப் படங்களும் பெரும்பாலும் காணிப் படங்களே. எண்ணெய் நிலத்தின் கீழே கிடந்தது. படமோ நிலத்தின் மேலே எது எவருக்கு உரியது என்பதைக் காட்டிற்று.

1859ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27ஆம் நாள், டைற்றஸ்வில் என்னும் ஊரருகே எட்வின் டிறேக் துளைப்பித்த கிணற்றில், ஏறக்குறைய 70 அடி ஆழத்தில், எண்ணெய் காணப்பட்டது. அதன்பின், அங்கிருந்து தெற்கே அலகேனி ஆற்றை நோக்கிச் செல்லும் ஓயில் கிறீக் என்ற ஓடையின் இரு கரைகளிலும் பண்ணைகள் துண்டாடப்பட்டுக் குத்தகைக்குப் போயின. எவ். டபிள்யூ. பியர்ஸ் என்பவர் 1865இல் வெளியிட்ட எண்ணெய்ப் பிரதேசப் படத்தொகுதி இக்காலத்ததே. அந்நாளில் எண்ணெய் நிலங்கள் அவற்றின் உழவர்களுடைய பெயராலேயே வழங்கின. ஓடையை ஒருபோதும் கண்டிராத நகரத்தவரும் இத்தகைய படங்களைப் பார்த்துப் பங்கு வாங்க முன்வந்தனர்.

ஆனால், எண்ணெய் வேலியை அறியாது. ஒருவர் தம் துண்டிலே கிணறு துளைத்தால், அயற்காணியின் கீழுள்ள எண்ணெயும் அதனை நோக்கிக் கசிந்து வரும். எடுத்தவருக்கே எண்ணெய் உரியது என்பது அங்கு வழக்காயிற்று. அயலவருக்குள்ள பரிகாரம் தாமும் கிணறு துளைப்பதே என அம்மாநில அதியுயர் நீதிமன்றமும் 1907இல் தீர்த்தது. இதனால் எல்லைக் கோட்டின் இருபுறமும் கிணறுகள் நெருங்கின. துண்டு சிறுக்கச் சிறுக்க அவசரம் பெருகிற்று. எண்ணெயை உந்தும் வாயுவின் அமுக்கம் விரைவிற் குன்றவே, மிகுதி எண்ணெய் பாறைக்குள்ளேயே தங்கிற்று. கோடு கீறிய அளவையாளரைக் குறைகூறிப் பயனில்லை. அவரிடம் கேட்கப்பட்டது அவ்வளவே.

நிலத்தின் உள்ளே நோக்கியவர் ஜோன் கார்ல். 1874இல் தொடங்கிய மாநிலப் புவியியல் அளவையிற் பணியாற்றிய அவர், கிணறு துளைத்தோரின் குறிப்புகளைத் திரட்டி, எண்ணெய் தங்கும் மணற்கற் படைகள் எவ்வாழத்திற் கிடக்கின்றன என ஆராய்ந்தார். அதற்குள் சில ஊர்கள் எழுந்து மடிந்துவிட்டன.

பிற்ஹோல் அவற்றுள் ஒன்று. 1865 ஜனவரியில் அங்கு எண்ணெய் கண்டது. மே மாதத்தில் ஒரு பண்ணை தெருக்களாகவும் மனைகளாகவும் அளக்கப்பட்டது. செப்டெம்பரில் ஏறக்குறைய 15,000 பேர் குடியிருந்தனர். பின்னர் கிணறுகள் வற்றின. தீயும் பன்முறை அழித்தது. ஈற்றில் நகரின் நிலம் 4 டொலர் 37 சதத்துக்கு விலைபோயிற்று. இன்று அங்குள்ளது புல்வெளியே. படத்திலே தெருக்கள் ஓடிய இடங்களிற் புல்லை வெட்டி, பார்க்க வருவோர் நடப்பதற்கு வழிகளாகப் பேணி வருகின்றனர்.