புற்றுக்கட்டியைப் பட்டினி போட முடியுமா?

புற்றுநோய் வந்தவருக்கு உணவைக் குறைத்தால் கட்டியும் வாடிவிடும் என்று நம்பும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கட்டியைப் ‘பட்டினி போடுவது’ என்ற பேச்சு மருத்துவ ஆய்விலும் உள்ளதுதான். ஆனால், அங்கு அதன் பொருள் முற்றிலும் வேறு என்பதால் அதை விளக்க விரும்புகிறேன்.

இரத்தக் குழாயிலிருந்து கசியும் ஆக்ஸிஜன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தொலைவுதான் செல்லும். எனவே, தனக்கென இரத்தக் குழாய்கள் இல்லாத கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர்வது அரிது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பணியாற்றிய ஜூடா ஃபோக்மன் இதைக் கண்டார். உடலுக்கு வெளியே உயிரோடு பேணப்பட்ட தைராய்டு சுரப்பியில் வைத்த கட்டிகள் அந்த அளவோடு நின்றன. அவற்றையே எலிகளுக்கு மாற்றியபோது வேகமாக வளர்ந்தன. புதிய இரத்தக் குழாய்கள் முளைத்ததே வேறுபாடு. அவற்றைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்று 1971இல் அவர் எழுதியபோது ஏற்றுக்கொண்டவர்கள் சிலரே.

கட்டியின் நடுவில் ஆக்ஸிஜன் குறையும்போது, அங்குள்ள செல்கள் ‘விஇஜிஎஃப்’ என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அருகிலுள்ள குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் அதை உணர்ந்து, பெருகி, கட்டியை நோக்கிக் கிளைவிடுகின்றன. காயம் ஆறும்போதும் உடல் இதே முறையைத்தான் கையாள்கிறது. கட்டிக்கு வாய்க்கால் வெட்டுபவை நம்முடைய இயல்பான செல்களே. பின்னர் புற்றுச்செல்கள் பிற உறுப்புகளுக்குப் பரவவும் அதுவே வழியாகிறது.

அந்தப் புரதத்தை முடக்கும் பெவாசிஸுமாப் மருந்துக்கு 2004இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. முற்றிய பெருங்குடல் புற்றில் கீமோதெரபியுடன் இதைச் சேர்த்தபோது, நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் 15.6 மாதங்களிலிருந்து 20.3 மாதங்களாக உயர்ந்தது. மார்பகப் புற்றுக்கு 2008இல் அளித்த அனுமதியோ, போதிய பயன் இல்லை என்று 2011இல் திரும்பப் பெறப்பட்டது. ஒரு வழியை அடைத்தால் கட்டி வேறு வழி தேடிக்கொள்வதும் உண்டு. பயனுள்ள மருந்துதான், ஆனால், அது முழுமையாகக் குணப்படுத்திவிடும் என்று எண்ணிவிடக் கூடாது.

நோயாளியின் உணவைக் குறைப்பது இவ்வகைச் சிகிச்சை ஆகாது. உணவு குறைந்தால் உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து இரத்தத்துக்கு ஊட்டம் தரும். கட்டி அதையும் எடுத்துக்கொள்ளும். முதலில் மெலிவது நோயாளிதான். மெலிந்த உடல் சிகிச்சையைத் தாங்குவதும் கடினம். கட்டிக்குச் செல்லும் இரத்தத்தைத் தடுப்பது மருத்துவரின் வேலை; நோயாளியின் தட்டில் உணவு குறையாமல் பார்த்துக்கொள்வதே குடும்பத்தின் வேலை என்பேன்.